பழைய லேப்டாப்பில் சத்தம் வரவில்லையா? சவுண்ட் டிரைவர் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

லேப்டாப்பில் சத்தம் நின்றதும் பலரும் முதலில் செய்வது, 'ரியல்டெக் டிரைவர்' என்று தேடி, கண்ணில் பட்ட தளத்திலிருந்து எதையாவது இறக்கி நிறுவுவதுதான். ஒன்றாக இருந்த கோளாறு அதோடு இரண்டாகிவிடும். டிரைவர் என்பது சவுண்ட் சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்; அதைத் தேடுவது நடுவில் வரும் வேலை. அதற்கு முன்பு சத்தம் எந்த இடத்தில் அறுபடுகிறது என்று பார்த்துவிட்டால், பலருக்கு டிரைவரே தேவைப்படாது.

இந்த வழிகாட்டி சுமார் 2006 முதல் 2016 வரை வந்த, இப்போது விண்டோஸ் 10 ஓடும் லேப்டாப்புகளை மனதில் வைத்தது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்து, இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களும் இதில் அடங்கும். விண்டோஸ் 7, லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

உள்ளே என்ன இருக்கிறது

சவுண்ட் கார்டு என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, லேப்டாப்பில் தனியாகக் கழற்றி மாட்டும் கார்டு கிடையாது. மதர்போர்டிலேயே இரண்டு பாகங்கள் இருக்கின்றன. ஒன்று, சிப்செட்டுக்குள் இருக்கும் ஆடியோ கன்ட்ரோலர். இன்னொன்று, கோடெக் என்ற சின்னச் சிப். டிஜிட்டல் சிக்னலை ஸ்பீக்கருக்கு ஏற்ற மின் அலையாக மாற்றுவது இந்தக் கோடெக்தான். இரண்டும் பேசிக்கொள்ளும் முறையை இன்டெல் 2004-ல் வெளியிட்டது. அதுதான் ஹை டெஃபனிஷன் ஆடியோ. கோடெக்கைச் செய்பவர்கள் ரியல்டெக், கோனெக்ஸன்ட், ஐடிடி போன்ற கம்பெனிகள்.

கோடெக்கில் பல கால்கள் உண்டு. எந்தக் கால் ஸ்பீக்கருக்குப் போகிறது, எது ஹெட்போன் ஜாக்குக்கு, எது மைக்குக்கு என்பதை லேப்டாப் செய்த கம்பெனி முடிவுசெய்கிறது. அந்த வயரிங் விவரம் பயாஸிலும் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் உள் மென்பொருள்), கம்பெனி கொடுக்கும் டிரைவரிலும் பிரிந்து கிடக்கிறது. அதனால்தான் ஒரே ரியல்டெக் ஏஎல்சி269 சிப் உள்ள இரண்டு லேப்டாப்புகளில், ஒன்றின் டிரைவரை மற்றொன்றில் போட்டால் ஹெட்போனில் கேட்கும், ஸ்பீக்கர் ஊமையாகும். அல்லது மைக் செத்துப்போகும். டிரைவரைச் சிப்பின் பெயரை வைத்துத் தேடுவதைவிட லேப்டாப்பின் மாடலை வைத்துத் தேட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

முதல் பத்து நிமிடம்: டிரைவரைத் தொடாமல்

முதலில் லேப்டாப்பை உண்மையாகவே அணையுங்கள். விண்டோஸ் 10-ல் 'ஷட் டவுன்' கொடுத்தால் பல மெஷின்களில் முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி டிரைவர்களின் நிலையை டிஸ்கில் எழுதிவைத்து, மறுநாள் அதையே திரும்ப ஏற்றும். கோளாறும் கூடவே திரும்பி வரும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், அல்லது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

அதிலும் வரவில்லை என்றால் மிச்ச மின்சாரத்தை இறக்க வேண்டும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை உருவி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரியை மாட்டி ஆன் செய்யுங்கள். மந்திரம் மாதிரி தெரிந்தாலும் இதில் காரணம் இருக்கிறது. கோடெக் சிப் குழம்பிய நிலையில் மாட்டிக்கொண்டால் ரீஸ்டார்ட்டில் அதற்கு மின்சாரம் அறுபடுவதில்லை. இப்படிச் செய்தால்தான் அறுபடும். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல்களில் அடிமூடியைத் திறந்து கனெக்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். சில திங்க்பேட்களில் பயாஸிலேயே உள் பேட்டரியைத் தற்காலிகமாக நிறுத்தும் வசதி உண்டு.

அடுத்து கன்ட்ரோல் பேனலில் 'சவுண்ட்' திறந்து 'பிளேபேக்' பகுதியைப் பாருங்கள். காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, முடக்கிய சாதனங்களையும் துண்டித்த சாதனங்களையும் காட்டச் சொல்லுங்கள். பச்சை டிக் எதன் மேல் இருக்கிறது? டிவியை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்துவிட்டுக் கழற்றியவர்களுக்கு டிக் அந்த வரியிலேயே நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும். 'ஸ்பீக்கர்ஸ்' வரியைத் தேர்ந்தெடுத்து 'செட் டிஃபால்ட்' கொடுங்கள்.

இப்போது ஒரு பாட்டை ஓடவிட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைக் கோட்டைக் கவனியுங்கள். இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. கோடு ஏறி இறங்கினால் விண்டோஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. சத்தம் அதற்குப் பிறகு, அதாவது டிரைவரின் வயரிங், ஜாக் அல்லது ஸ்பீக்கரில் அறுபடுகிறது. கோடு அசையவே இல்லையென்றால் கோளாறு அதற்கு முன்னால், பாட்டு ஓடும் ஆப்பிலோ விண்டோஸ் சர்வீஸிலோ இருக்கிறது. அப்போது 'சர்வீசஸ்' திறந்து 'விண்டோஸ் ஆடியோ', 'விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர்' இரண்டும் ஓடுகின்றனவா, இரண்டின் ஸ்டார்ட்அப் வகையும் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா பாருங்கள்.

லேப்டாப்பிலேயே ஆடியோ, வீடியோ கால் பேசும்போது மட்டும் பாட்டு மெலிகிறது என்பது கோளாறே இல்லை. அதே 'சவுண்ட்' பெட்டியில் 'கம்யூனிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய் 'டூ நத்திங்' என்று மாற்றினால் தீர்ந்தது. அதில் தானாக இருக்கும் அமைப்பு மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறைத்துவிடும்.

ஹெட்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் இல்லையா?

பழைய லேப்டாப்புகளில் இது பெரும்பாலும் ஜாக்கின் கோளாறு. 3.5 மி.மீ. ஜாக்குக்குள் ஒரு மெல்லிய ஸ்விட்ச் தகடு இருக்கிறது. பின் உள்ளே போனால் அது நகர்ந்து, 'ஹெட்போன் வந்துவிட்டது, ஸ்பீக்கரை நிறுத்து' என்று கோடெக்குக்குச் சொல்லும். தூசியோ துருவோ பிடித்தால் தகடு அப்படியே மாட்டிக்கொள்ளும். பின் இல்லாதபோதும் 'பிளேபேக்' பட்டியலில் ஹெட்போன் இணைந்திருப்பதாகக் காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

ஹெட்போன் பின்னை 15, 20 தடவை நுழைத்து எடுங்கள். சரியாகவில்லை என்றால் லேப்டாப்பை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மெல்லிய பிரஷால் உள்ளே துடைத்து, அரை மணி நேரம் காயவிடுங்கள். ஊக்கு, கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். தகடு வளைந்தால் ஜாக்கையே மாற்ற வேண்டும். எண்ணெயும் வேண்டாம், தூசியை இன்னும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரியல்டெக் ஆடியோ மேனேஜர் இருக்கும் மெஷின்களில் ஜாக் கண்டறிதலை நிறுத்தும் அமைப்பு இருந்தால், அதைத் தற்காலிகத் தீர்வாக வைத்துக்கொள்ளலாம்.

பழைய மேக்புக் வைத்திருப்பவர்கள் ஜாக்குக்குள் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அதே ஸ்விட்ச் தவறான பக்கம் மாட்டி, ஆப்டிகல் வெளியீட்டுக்குப் போயிருக்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனித் துளை உள்ள லேப்டாப்பில் போன் இயர்போனை மாட்டினால், அதன் மைக் வேலை செய்யாது. இயர்போன் பின்னில் நான்கு உலோகத் தொடுபகுதி, லேப்டாப் துளையில் மூன்று. எந்த டிரைவரும் இதைத் தீர்க்காது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சின்ன கேபிள் வாங்கினால் போதும்.

ஹார்டுவேரா, டிரைவரா: பென்டிரைவ் சோதனை

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் இல்லையென்றால், டிரைவர் தேடும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம்) ரூஃபஸ் மென்பொருளால் ஏற்றுங்கள். 2 ஜிபி ரேம்தான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். 32 பிட் பிராசஸர் என்றால் ஆன்டிஎக்ஸ் லினக்ஸ் பொருந்தும். பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் பூட் பட்டனைத் தட்டுங்கள்: டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-ஐ முதலில் பயாஸில் இயக்கிவைக்க வேண்டியிருக்கும்.

நிறுவாமலேயே லினக்ஸ் திறக்கும். அதில் சத்தம் கேட்டால் கன்ட்ரோலர், கோடெக், ஸ்பீக்கர் எல்லாம் நன்றாக இருக்கின்றன. கோளாறு முழுக்க விண்டோஸ் பக்கம். லினக்ஸிலும் இல்லையென்றால் ஹார்டுவேர் மீது சந்தேகம் பலமாகிறது. விண்டோஸை ஃபார்மேட் செய்வதற்கு முன்பு இந்த இருபது நிமிட வேலையைச் செய்தால் வீண் ஃபார்மேட் மிச்சம்.

டிவைஸ் மேனேஜரைப் படிப்பது

விண்டோஸ் பட்டனோடு எக்ஸ் எழுத்தை அழுத்தி 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். 'வியூ' மெனுவில் 'டிவைசஸ் பை கனெக்ஷன்' என்று மாற்றினால் கன்ட்ரோலருக்குக் கீழே கோடெக் தொங்குவது கிளை கிளையாகத் தெரியும். அங்கே மூன்று நிலைகளில் ஒன்று இருக்கும்.

'ஹை டெஃபனிஷன் ஆடியோ கன்ட்ரோலர்' என்ற வரியே இல்லை என்றால், பயாஸில் ஆடியோ முடக்கப்பட்டிருக்கலாம். பயாஸுக்குள் போய் ஆடியோ வரியைத் தேடுங்கள். இல்லையென்றால் 'லோட் டிஃபால்ட்ஸ்' கொடுத்துச் சேமியுங்கள். ஒரு எச்சரிக்கை: டிஃபால்ட்ஸ் கொடுக்கும் முன் சாட்டா மோடு, பூட் மோடு இரண்டும் என்னவாக இருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவை மாறிவிட்டால் விண்டோஸே திறக்காது.

கன்ட்ரோலர் இருக்கிறது, அதன் கீழே கோடெக் இல்லை, அல்லது எச்டிஎம்ஐ ஆடியோ மட்டும் இருக்கிறது என்றால், கோடெக் பதில் சொல்லவில்லை. மின்சாரம் இறக்கும் வேலையை மறுபடி செய்து பாருங்கள். அப்போதும் வரவில்லை, லினக்ஸிலும் வரவில்லை என்றால் சிப் போய்விட்டது. எந்த டிரைவராலும் அதை எழுப்ப முடியாது.

இரண்டும் இருக்கின்றன, மஞ்சள் முக்கோணம் போட்டிருக்கிறது என்றால்தான் உண்மையான டிரைவர் கோளாறு. வரியை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு பிழை எண் தெரியும். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவே இல்லை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, சாதனத்தைத் தொடங்க முடியவில்லை; பெரும்பாலும் தவறான மாடலின் டிரைவர். 39 என்றால் டிரைவர் கோப்பு கெட்டிருக்கிறது அல்லது காணவில்லை. 22 என்றால் யாரோ முடக்கியிருக்கிறார்கள். ரைட் கிளிக் செய்து 'எனேபிள்' கொடுத்தால் முடிந்தது. 52 என்றால் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸால் சரிபார்க்க முடியவில்லை. விண்டோஸ் 7-ல் இந்த 52 அடிக்கடி வரும். புதிய டிரைவர்கள் ஷா-2 முறையில் கையொப்பமிடப்பட்டவை, பழைய விண்டோஸ் 7-க்கு அது தெரியாது. கேபி3033929 அப்டேட்டைப் போட்டால் புரிந்துகொள்ளும்.

சிப் எது, லேப்டாப் யாருடையது: ஐடியில் எல்லாம் எழுதியிருக்கிறது

சாதனத்தின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பெட்டியில் 'டீடெய்ல்ஸ்' பகுதிக்குப் போய், 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமான வரி வரும். அதில் 'வென்' என்பதற்குப் பின்னால் வரும் நான்கு இலக்கம் கோடெக் தயாரித்தவரின் எண். 10இசி என்றால் ரியல்டெக், 14எஃப்1 என்றால் கோனெக்ஸன்ட், 111டி என்றால் ஐடிடி, 8384 என்றால் சிக்மாடெல், 1106 என்றால் வியா. 8086 என்றால் இன்டெலின் எச்டிஎம்ஐ ஆடியோ; அது ஸ்பீக்கருக்குச் சம்பந்தமே இல்லாதது, அதற்கு டிரைவர் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 'டெவ்' பின்னால் வருவது சிப்பின் எண்: 0269 என்றால் ஏஎல்சி269.

அடுத்து 'சப்சிஸ்' என்பதற்குப் பின்னால் எட்டு இலக்கம். கோடெக் வரியில் அதன் முதல் நான்கு லேப்டாப் கம்பெனியைக் காட்டும்: 1028 டெல், 103சி எச்பி, 17ஏஏ லெனோவோ, 1025 ஏசர், 1043 ஆசஸ், 1179 தோஷிபா. அடியில் ஸ்டிக்கர் அழிந்துபோன செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புக்கு இது பெரிய உதவி.

எங்கே எடுப்பது, எப்படிப் போடுவது

முதல் இடம் லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் தளம். டெல் என்றால் சர்வீஸ் டேக், எச்பி என்றால் புராடக்ட் நம்பர், லெனோவோ என்றால் சீரியல் நம்பர் கொடுத்துத் தேடுங்கள். விண்டோஸ் 10-க்கு டிரைவர் இல்லை என்று காட்டினால் விண்டோஸ் 8.1-க்கானதைப் பாருங்கள், அதுவும் இல்லையென்றால் 7. 32 பிட், 64 பிட் மட்டும் மாறக் கூடாது. கம்பெனி தளத்தில் எதுவுமே இல்லாதபோதுதான் ரியல்டெக்கின் பொது டிரைவர். அதில் 2017-ல் வந்த 2.82 பதிப்பு பழைய சிப்களுக்குப் பொருந்தும். ரியல்டெக்கின் புதிய யுஏடி வகை டிரைவர்கள் பழைய லேப்டாப்புக்குத் தேவையில்லை. 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்' என்று சொல்லும் மென்பொருள்களை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

நிறுவும் முறை இதுதான்.

1. 'சிஸ்டம் ரெஸ்டோர்' புள்ளி ஒன்றை உருவாக்குங்கள்.

2. இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், வைஃபையையும் சேர்த்து. இல்லையென்றால் நீங்கள் பழையதை நீக்கிய அடுத்த நிமிடமே விண்டோஸ் அப்டேட் தன்னிடம் இருப்பதைப் போட்டுவிடும்.

3. டிவைஸ் மேனேஜரில் ஆடியோ சாதனத்தில் ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுங்கள். வரும் பெட்டியில் டிரைவர் மென்பொருளையும் அழிக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். இதை விட்டுவிட்டால் கெட்டுப்போன அதே டிரைவர் விண்டோஸின் டிரைவர் ஸ்டோரிலிருந்து மறுபடி எழுந்து வரும். ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள். பல பதிப்புகள் அடுக்காக இருந்தால் மூன்று, நான்கு தடவைகூட நீக்க வேண்டியிருக்கும். 'டிரைவர் ஸ்டோர் எக்ஸ்ப்ளோரர்' என்ற இலவசக் கருவி இருந்தால் அத்தனையையும் ஒரே இடத்தில் பார்த்து அழிக்கலாம்.

4. 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்' என்ற பெயரில் மைக்ரோசாஃப்டின் பொது டிரைவர் வந்து நின்றால் அந்த இடத்திலேயே ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். சத்தம் நன்றாக இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஈக்வலைசர் போன்ற அலங்காரங்கள் போகும், அவ்வளவுதான்.

5. இல்லையென்றால் சிப்செட் டிரைவரை முதலில் நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ஆடியோ டிரைவர். ரியல்டெக்கின் செட்அப் பழையது இருந்தால் முதல் சுற்றில் அதை நீக்க மட்டும் செய்யும். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகுதான் புதியதைப் போடும். முதல் ரீஸ்டார்ட்டோடு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். தானாகத் தொடரவில்லை என்றால் செட்அப்பை மறுபடி ஓடவிடுங்கள்.

6. 'இந்த விண்டோஸுக்குப் பொருந்தாது' என்று செட்அப் மறுத்தால் அதன் ப்ராப்பர்ட்டீஸில் 'கம்பேட்டிபிலிட்டி' பகுதியில் விண்டோஸ் 7-ஐத் தேர்ந்தெடுத்து ஓடவிடுங்கள். அப்போதும் மறுத்தால் செட்அப் கோப்பை 7-ஜிப்பால் பிரித்து ஒரு ஃபோல்டரில் போடுங்கள். டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்', 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', அந்த ஃபோல்டர், 'இன்க்ளூட் சப்ஃபோல்டர்ஸ்' டிக். செட்அப் புரோகிராம்தான் பிடிவாதம் பிடிக்கும். உள்ளே இருக்கும் டிரைவர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

சரியான பின்பு விண்டோஸ் அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கன்ட்ரோல் பேனல் தேடலில் 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' திறந்து 'நோ' கொடுங்கள். புரோ பதிப்பு என்றால் குரூப் பாலிசியில், அப்டேட்டுகளோடு டிரைவர்களைச் சேர்க்க வேண்டாம் என்ற விதியையும் இயக்கிவிடுங்கள். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு சத்தம் போனது என்று தெளிவாகத் தெரிந்தால், இவ்வளவு தூரம் வராமல் 'ரோல் பேக் டிரைவர்' பட்டனே போதும்.

தனிக் கவனம் வேண்டிய சில வகைகள்

ஐடிடி சிப் உள்ள எச்பி லேப்டாப்புகள், குறிப்பாக பீட்ஸ் ஆடியோ முத்திரை உள்ளவை, விண்டோஸ் 10-க்கு மாறிய பிறகு ஊமையாவது மிகவும் பழக்கமான கோளாறு. பழைய ஐடிடி டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். 'அப்டேட் டிரைவர்', 'லெட் மி பிக்' வழியாக 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, வரும் எச்சரிக்கைக்கு 'யெஸ்' சொல்லுங்கள். பாஸ் கொஞ்சம் குறையும், சத்தம் வரும்.

கோனெக்ஸன்ட் சிப் உள்ள எச்பி லேப்டாப்பில் 2015, 2016 காலத்து டிரைவர் பொதியை எங்கிருந்தோ எடுத்துப் போடுவதில் வேறொரு ஆபத்து உண்டு. அந்தப் பொதியோடு வந்த மிக்ட்ரே64 என்ற புரோகிராம், நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கோப்பில் எழுதிவைத்தது 2017 மே மாதம் வெளியே தெரிந்தது. பிறகு எச்பி திருத்திய டிரைவரை வெளியிட்டது. ஆகவே இந்த வகைக்கு எச்பி தளத்தில் இருக்கும் கடைசிப் பதிப்பைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம்.

2013-க்குப் பிறகு வந்த இன்டெல் ஆட்டம் பிராசஸர் உள்ள மலிவு மினி லேப்டாப்புகள் வேறு சாதி. அவற்றில் பல ஹை டெஃபனிஷன் ஆடியோவையே பயன்படுத்துவதில்லை; 'இன்டெல் எஸ்எஸ்டி ஆடியோ' (ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி; எஸ்எஸ்டி டிஸ்க் அல்ல) என்று வேறொரு வழி. மைக்ரோசாஃப்டின் பொது டிரைவர் இங்கே செல்லாது. சிப்செட், சீரியல் ஐஓ, ஜிபிஐஓ டிரைவர்கள் முதலில், பிறகு எஸ்எஸ்டி, கடைசியாகக் கோடெக் என்ற வரிசையில்தான் போட வேண்டும். இந்த மெஷின்களை ஃபார்மேட் செய்தவர்கள் பலர் சத்தத்தை நிரந்தரமாக இழந்திருக்கிறார்கள், தயாரித்த கம்பெனிக்குச் சப்போர்ட் தளமே இருக்காது என்பதால். ஃபார்மேட்டுக்கு முன் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர், ஃபைல்ரெப்பாசிட்டரி என்ற வழியில் இருக்கும் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். பிறகு மேலே சொன்ன 'பிரவுஸ்' முறையில் அதைக் காட்டினால் எல்லா டிரைவரும் திரும்பக் கிடைக்கும்.

அதைவிடப் பழைய, ஏசி97 (ஹை டெஃபனிஷன் ஆடியோவுக்கு முந்தைய முறை) காலத்து லேப்டாப்பில் விண்டோஸ் 10 'மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்' என்று மஞ்சள் குறியோடு காட்டும். அந்த வயது மெஷினுக்கு லினக்ஸ்தான் எளிய வழி; அதன் கர்னலில் ஏசி97 டிரைவர் இன்னும் இருக்கிறது.

சத்தம் வருகிறது, ஆனால் கரகரக்கிறது

முதலில் ஸ்பீக்கரின் ப்ராப்பர்ட்டீஸில் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' முழுவதையும் நிறுத்துங்கள். 'அட்வான்ஸ்டு' பகுதியில் 16 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 192000 வைத்தால் பழைய பிராசஸருக்குச் சுமைதான், காதுக்கு லாபமில்லை.

குறையவில்லை என்றால் 'லேட்டன்சிமான்' என்ற கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி ஆடியோ டிரைவராக இருக்காது. வைஃபை டிரைவரோ, பேட்டரியைக் கண்காணிக்கும் ஏசிபிஐ டிரைவரோ பிராசஸரை நீண்ட நேரம் பிடித்துவைத்திருக்க, ஆடியோவுக்கு முறை வருவதற்குள், சத்தத்தை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் பஃபர் காலியாகிவிடும். அந்த இடைவெளிதான் கரகரப்பாகக் கேட்கிறது. வைஃபையை அணைத்துக் கேளுங்கள். நின்றுவிட்டால் மாற்ற வேண்டியது வைஃபை டிரைவரை. பவர் பிளானை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கியும் பாருங்கள். விசிறியில் தூசி அடைத்துச் சூடேறும் மெஷின்களிலும் இதே கரகரப்பு வரும். ஹெட்போனில் சுத்தமாகவும் ஸ்பீக்கரில் மட்டும் கரகரப்பாகவும் இருந்தால், ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்திருக்கலாம்.

லினக்ஸில் ஊமையாக இருந்தால்

டெர்மினலில் அல்சாமிக்ஸர் (alsamixer) என்று சிறிய எழுத்தில் இடைவெளியின்றித் தட்டுங்கள். எஃப்6 அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்தெடுங்கள். முதலில் திறப்பது பெரும்பாலும் ஒலி சர்வரின் மேலோட்டமான பட்டைதான். எந்தப் பட்டையின் கீழே 'எம்எம்' என்று இருக்கிறதோ அது ஊமை; எம் எழுத்தை அழுத்தித் திறக்கலாம். 'ஆட்டோ மியூட் மோடு' வரியை 'டிசேபிள்டு' ஆக்கினால், கெட்ட ஜாக்கையும் மீறி ஸ்பீக்கர் பேசும்.

இதற்கும் மசியவில்லை என்றால் 'அல்சா டூல்ஸ் ஜியுஐ' பொதியில் இருக்கும் 'எச்டிஏ ஜாக் ரீடாஸ்க்' கருவி இருக்கிறது. கோடெக்கின் எந்தக் கால் எதற்கு என்று நாமே மாற்றி எழுத உதவும் கருவி இது. முதலில் 'அப்ளை நவ்' கொடுத்துச் சோதியுங்கள். சரியாக இருந்தால் மட்டும் 'இன்ஸ்டால் பூட் ஓவர்ரைடு'. விண்டோஸில் இதற்கு இணையான எளிய வழி கிடையாது.

எல்லாம் பார்த்தும் வராதபோது

அடிமூடியைத் திறக்கத் தெரிந்தவர்கள் ஸ்பீக்கர் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்துச் சோதிக்கலாம். லேப்டாப் ஸ்பீக்கர் சாதாரணமாக 4 ஓம் அல்லது 8 ஓம் பக்கம் காட்டும். எதுவும் காட்டவில்லை என்றால் ஸ்பீக்கரின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அறுந்துவிட்டது. அதே மாடல் ஸ்பீக்கர் ஜோடியை மாற்றினால் போதும். மல்டிமீட்டர் இல்லாவிட்டால் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். நல்ல ஸ்பீக்கர் 'டிக்' என்று சத்தம் போடும்.

கோடெக் சிப் செத்திருந்தால் அதை மாற்ற சிப் லெவல் சர்வீஸ் தேவைப்படும். பழைய லேப்டாப்புக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். சில நூறு ரூபாய்தான், தனி டிரைவர் வேண்டாம், விண்டோஸ் 7 முதல் லினக்ஸ் வரை செருகியதும் பேசும். வாங்கும்போது ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனித் துளை இருக்கிறதா, உங்கள் ஹெட்செட் பின்னுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். யுஎஸ்பி ஹப்பில் செருகாமல் லேப்டாப்பின் துளையிலேயே நேரடியாகச் செருகுங்கள். செருகியபின் டிவைஸ் மேனேஜரில் பழைய ஆடியோ சாதனத்தை 'டிசேபிள்' செய்துவிட்டால், ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் டிஃபால்ட் அங்கே தாவிப் போகாது.